அஞ்சும் பூட்டாச்சு

ஷமீம் பானு ஏலத்தில் எடுத்த ஐந்து கம்ப்யூட்டர்களுக்கும் வாய் அடைத்திருந்தது.

அவை ஏதோ ஒரு நிதி நிறுவனத்தின் மூடிப்போன கிளையில் இருந்தவை. பென்டிரைவ் வழியாக வைரஸ் வரும் என்று அந்த அலுவலகத்தில் யாரோ பயந்திருக்கிறார்கள். பயந்தவர் சும்மா இருக்கவில்லை. குழாய் ஒழுகினால் அடைக்கிற எம்சீலை வாங்கிவந்து, பிசைந்து, முன்னால் இரண்டு பின்னால் நான்கு என்று ஒவ்வொரு பெட்டியிலும் இருந்த ஆறு துளைகளையும் அடைத்துவிட்டார். அவருடைய கட்டைவிரல் ரேகை அதிலேயே பதிந்து காய்ந்திருந்தது. சிடி போடுகிற தட்டையும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தகரம் வைத்துத் திருகியிருந்தார். கீபோர்டும் மவுசும் பழைய உருண்டைப் பின் வகை. அதனால் பிழைத்தன.

விற்கும்போது உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். ஆக, பெட்டிக்குள் ஒன்றும் இல்லை. ஒன்றை உள்ளே விடவும் வழி இல்லை. சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மினுங்கும். அவ்வளவுதான்.

இதை அவள் கண்டுபிடித்தது வெள்ளிக்கிழமை மாலை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வாளர் வருகிறார்.

தென்காசியில், கோபுர வாசல் காற்று தப்பாமல் வந்து அடிக்கிற ஒரு மாடியில், ஷமீம் கம்ப்யூட்டர் தட்டச்சு சொல்லிக்கொடுக்கிறாள். இந்த முறை பன்னிரண்டு பெண்கள். தேர்வை திருநெல்வேலியில் போய் எழுத வேண்டும். போன வருஷம் பத்துப் பேர் படித்தார்கள். போய் எழுதியது மூன்று பேர். மிஸ்ரியாவுக்கு பஸ்ஸில் ஏறினாலே வாந்தி. சத்யபிரியாவுக்குக் கைக்குழந்தை. ஒவ்வொருத்திக்கும் ஒன்று இருந்தது. எழுதாத ஏழு பேரும் இன்னும் தெருவில் பார்த்தால் ‘டீச்சர்’ என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் இந்த மாடியையே தேர்வு மையமாக ஆக்கக் கேட்டு விண்ணப்பம் போட்டாள். பதில் வந்தது: ஓடுகிற நிலையில் ஐந்து கம்ப்யூட்டர் இருக்க வேண்டும், நேரில் வந்து பார்ப்போம்.

அவள் கோமதிசங்கருக்குப் போன் போட்டாள்.

கோமதிசங்கர் குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் எண்ணெய், சீயக்காய், துண்டு விற்கிறார். அதற்கு முன் சென்னையில் ஒன்பது வருஷம் கம்ப்யூட்டர் சர்வர்களைக் கட்டி மேய்த்தார். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். ஷமீமின் லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் போட்டுக்கொடுத்தது அவர்தான். கூப்பிட்டால் ஓடி வருகிறவர். ஆனால் இது சாரல் காலம். கடையை விட்டு ஐந்து நிமிஷம் நகர்ந்தால் துண்டு நடந்து போய்விடும்.

“பென்டிரைவ் போகாட்டி என்ன டீச்சர்? நெட் வயர் போற ஓட்டை இருக்கா?”

“அது மட்டும் தெறந்துதான் கெடக்கு அண்ணாச்சி.”

“அந்த மனுசன் அதுல கை வைக்காம விட்டானே, அவன் புள்ளகுட்டி நல்லா இருக்கட்டும். அது போதும்.” பின்னால் அருவிச் சத்தம் இரைந்தது. “வெறும் பெட்டிக்குள்ள ஒண்ணுமே இல்லன்னுதான நெனைக்கிய? சுவிட்ச போட்டு எஃப் பன்னெண்ட அமுக்குனா, அது வயர் வழியா ஒரு சத்தம் குடுக்கும். ‘யாராவது இருக்கியளா’ன்னு. ஒங்க லேப்டாப்பு அதுக்கு பதில் சொல்லணும். ‘நான் இங்கன இருக்கேன், இந்தா ஒனக்கு ஒரு நம்பரு, இன்ன வெலாசத்துல போய் சாமான எடுத்துக்கோ’ன்னு. மிச்சத்த அதுவே இழுத்துக்கிட்டு, தானா பூட் ஆகி எந்திரிச்சிரும்.”

“பதில் சொல்ல யாரு சொல்லிக்குடுக்கது?”

“நீங்கதான். நான் சொல்லச் சொல்ல நீங்க அடிங்க. தட்டச்சு டீச்சர்தான?”

சனிக்கிழமை முழுவதும் அடித்தாள். அவர் போனில் சொன்னார், நடுநடுவே வியாபாரமும் பார்த்தார். “அடுத்த வரி, சின்ன எழுத்துல… இல்ல சார், அது நல்லெண்ண, தேங்காண்ண இந்தப் பக்கம்… இடைவெளி விடாதிய டீச்சர்… துண்ட நனைச்சுப் பாக்காதிய, காஞ்சதும் இப்படித்தான் இருக்கும்…” எது தனக்கு, எது வாடிக்கையாளருக்கு என்று பிரித்தெடுப்பதே ஒரு வேலையாக இருந்தது. லினக்ஸின் முழுக் கோப்பும் லேப்டாப்பில் வந்து இறங்கியது. வழக்கமாக அது கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதிய தாள் போல ஒரு கோப்பும் தயாரானது. எந்த ஊர், எந்த மொழி, எவ்வளவு இடம் என்று ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியதில்லை. தொடங்கிவிட்டால் மூன்று மணி நேரத்தில் தானே முடித்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் பெட்டியின் சுவிட்சைப் போட்டாள். பார்வதியம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். அந்த மாடியைக் கூட்டிப் பெருக்கி, காலையில் திறந்து, சாயங்காலம் பூட்டுகிறவர் அவர்தான். சாவிக்கொத்தைப் பெரிய ஊக்கில் கோத்து, ஜாக்கெட்டின் தோளில் குத்தி, சாவியை உள்ளே விட்டிருப்பார். தூக்கத்தில்கூட கழற்றுவதில்லை என்று பேச்சு.

எஃப் பன்னிரண்டு. திரையில் வரிகள் வந்தன. பெட்டி கூப்பிட்டது. லேப்டாப் பதில் சொன்னது. நம்பரும் கிடைத்தது. பிறகு ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி, இன்னொரு புள்ளி. அப்புறம், ‘காத்திருந்தேன், யாரும் வரவில்லை’ என்ற பொருளில் ஒரு வரி.

மூன்று முறை செய்து பார்த்தாள். மூன்று முறையும் புள்ளிதான்.

“கோலம் போடப் பாக்குது, வரமாட்டேங்குது” என்றார் பார்வதியம்மாள்.

கோமதிசங்கர் போனில் யோசித்தார். “நம்பரு கெடைக்கி. சாமான் கெடைக்கல. அப்ப வெலாசத்துலதான் தப்பு. நேத்து எழுதுன கோப்ப ஒவ்வொரு வரியா வாசிங்க.”

வாசித்தாள். பதினொன்றாவது வரியில் அவர் நிறுத்தினார்.

“என்னது? திரும்பச் சொல்லுங்க.”

“நூத்தித் தொண்ணூத்திரெண்டு, புள்ளி, நூத்தி அறுவத்தெட்டு, புள்ளி, ஒண்ணு, புள்ளி, நூத்தம்பது.”

“ஒங்க லேப்டாப்பு நம்பரு பத்துல்லா? நூத்தம்பது எங்கன இருந்து வந்துது?”

“நீங்கதான சொன்னிய. ‘ஒண்ணு, புள்ளி’ன்னு சொல்லிட்டு கொஞ்சம் நின்னிய. பொறவு ‘நூத்தம்பது’ன்னு சொன்னிய.”

கோமதிசங்கர் குரலைத் தாழ்த்தினார்.

“டீச்சர். அது எண்ண வெல.”

ஷமீம் போனை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பார்வதியம்மாள் பயந்துபோய் அவள் தோளைத் தொட்டார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏலத்துல எடுத்த பெட்டி மூணு தரம் எண்ண வாங்கப் போயிருக்குக்கா. கட அங்கன இல்ல.”

நூற்றைம்பதை அழித்துப் பத்து என்று அடித்தாள். மறுபடி சுவிட்ச். மறுபடி எஃப் பன்னிரண்டு. இந்த முறை புள்ளி வரவில்லை. வரி வரியாக எழுத்து கீழிருந்து மேலே ஓடியது, மதகைத் திறந்த மாதிரி. லேப்டாப்புக்கும் பெட்டிக்கும் நடுவே வயர்கள் வந்து சேர்கிற சின்னப் பெட்டியில் ஒரு மஞ்சள் விளக்கு கண்ணைக் கொட்டிக்கொட்டி எரிந்தது. இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி என்று போட்டுக்கொண்டே போனாள். பன்னிரண்டரை மணிக்கு ஐந்து திரையும் ஓடின, ஐந்து மஞ்சள் விளக்கும் கொட்டின.

அப்போதுதான் அவளுக்குக் கடையநல்லூர் ஞாபகம் வந்தது.

அன்று அங்கே நாத்தனார் மகளுக்கு நிக்காஹ். சவூதியில், தம்மாமில் இருக்கிற வீட்டுக்காரர் ஒலி முகம்மது காலையிலிருந்து நான்கு முறை போன் பண்ணிவிட்டார். நிக்காஹுக்குப் போகாவிட்டால்கூட சமாளிக்கலாம். சோற்றுக்குப் போகாவிட்டால் ஒரு வருஷத்துப் பேச்சு. பட்டுச் சேலையைக் காலையிலேயே கட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள். மேலே பர்தாவைப் போட்டாள்.

“யக்கா, நீங்க இங்கனயே இருங்க. எதையும் தொடவேண்டாம். சங்கர் அண்ணாச்சி போன் பண்ணுவாவ. அவுக சொல்லுதபடி செய்ங்க.”

“நீங்க போய் நல்லா சாப்பிடுங்க டீச்சரம்மா. நான் பாத்துக்கிடுதேன்.”

பந்தியில் உட்கார்ந்திருந்தபோது கோமதிசங்கரின் குரல் பதிவு ஒன்று வந்தது. “டீச்சர், அஞ்சும் முடிஞ்சிட்டு. பார்வதியக்கா பாத்து சொல்லிட்டாவ. நிம்மதியா சாப்பிடுங்க.” நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று ஒரு விநாடி தோன்றியது. அதற்குள் இலையில் பிரியாணி விழுந்தது. மறு சோறும் வாங்கிச் சாப்பிட்டாள்.

மூன்றரை மணிக்குத் தென்காசி திரும்பினாள். மாடிப்படியின் கீழ் இருக்கிற இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. அந்தக் கதவை யாரும் பூட்டியதே இல்லை. தொங்கிய பூட்டும் அவள் பார்த்திராத நீலப் பூட்டு.

கீழே தையல் கடையில் ஹுஸைஃபா ஞாயிற்றுக்கிழமையும் தைத்துக்கொண்டிருந்தார்.

“அது என் பூட்டுதான் டீச்சர். பார்வதியக்கா வந்து கேட்டாவ. ‘அஞ்சு பூட்டணும், எங்கிட்ட நாலுதான் இருக்கு, ஒண்ணு தாங்க’ன்னாவ. சாவியோட குடுத்தேன்.”

“எதுக்கு அஞ்சு?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? கேட்டா அண்ணாச்சி உத்தரவுன்னாவ. அப்படியே தங்கச்சி வீட்டு ஆளுகளோட வேன்ல குத்தாலத்துக்குக் குளிக்கப் போயிட்டாவ. அங்கன இருந்து பாவூர்சத்திரம், தங்கச்சி வீடு. நாளைக்கு மத்தியானந்தான் வருவாவளாம்.”

ஷமீம் கோமதிசங்கரைக் கூப்பிட்டாள்.

“அண்ணாச்சி, பார்வதியக்கா ஒங்ககிட்ட என்ன சொன்னாவ? அப்படியே சொல்லுங்க.”

“நான் போன் போட்டேன். ‘யக்கா, அஞ்சும் பூட் ஆகணும், பாத்துட்டு எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்க’ன்னேன். சரின்னாவ. அரைமணி நேரம் கழிச்சு அவுகளே கூப்பிட்டு, ‘அஞ்சும் பூட்டாச்சு அண்ணாச்சி’ன்னு சொன்னாவ.”

“பொறவு?”

“‘சரியாப் பாத்தியளா’ன்னு கேட்டேன். ‘இழுத்தே பாத்தேன்’னாவ. என்னடா இழுத்துப் பாத்தாவன்னு ஒரு மாதிரியாத்தான் இருந்துது. அதுக்குள்ள ஒரு ஆளு சீயக்கா கேட்டுட்டு வந்துட்டாரு. ‘நல்லதுக்கா, நீங்க போலாம்’னுட்டேன்.”

“பூட்டித்தான் கெடக்கு அண்ணாச்சி.”

“அதான டீச்சர், பூட் ஆச்சுன்னுதான…” கோமதிசங்கரின் குரல் நடுவில் நின்றது. பிறகு மிக மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, “பூட்டு” என்றார்.

ஷமீம் சிரிக்கவில்லை. அவள் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தாள்.

பார்வதியம்மாளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பூட்டுவதற்கு முன் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். ஆறு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. அதைப் பழக்கியவளே ஷமீம்தான். ஒரு தடவை பேட்டரியிலிருந்து புகை வந்ததிலிருந்து, ‘மெயினை அணைக்காமல் பூட்டக் கூடாது’ என்று தன் கையாலேயே எழுதிக் கதவில் ஒட்டியிருந்தாள். அரைகுறையாக நின்றுபோன பெட்டி பழையபடி வெறும் பெட்டி. முதலிலிருந்து மூன்று மணி நேரம் வேண்டும். அதற்கு முதலில் உள்ளே போக வேண்டும்.

இன்னொரு சாவி உண்டு. அது மேசை இழுப்பறையில் இருந்தது. மேசை உள்ளே இருந்தது.

மேலே கரண்ட் ஓடுகிறதா என்று மீட்டரைப் பார்க்கலாமென்றால் தையல் கடைக்கும் மாடிக்கும் ஒரே மீட்டர். பூட்டை உடைக்கலாமென்றால் ஒன்றா, இரண்டா. பார்வதியம்மாளின் போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அருவியில் குளிக்கிறவர் போனை எங்கே வைத்திருப்பார்?

அவள் ஸ்கூட்டியை எடுத்தாள்.

தென்காசிக்காரர்கள் விருந்தாளி வந்தால்தான் குற்றாலத்துக்குப் போவார்கள். ஐந்து கிலோமீட்டரில் இருப்பதற்கு எதற்கு அவசரம் என்று இருந்துவிடுவார்கள். ஷமீம் அருவிப் பக்கம் போய் மூன்று சீசன் ஆகியிருந்தது. மேலே மலை தெரியவில்லை, மேகம் இறங்கி வந்து வயல்மேல் உட்கார்ந்திருந்தது. சாரல் முகத்தில் ஊசி ஊசியாய்க் குத்தியது. வேன்களும் பஸ்களும் மாட்டிக்கொண்டு நிற்க, அவள் ஓரமாகவே புகுந்து புகுந்து போனாள். அதற்குமே அரைமணி நேரம் ஆயிற்று.

கோமதிசங்கர் கடை வாசலிலேயே நின்றார். தலை குனிந்திருந்தது.

“நான் அந்தப் பக்கம் போக முடியாது டீச்சர். பொம்பளைய பக்கம். கேட்டுப் பாத்தேன், போலீஸம்மா லத்தியத் தூக்குதாவ. வேன் டிரைவர புடிச்சிட்டேன், இன்னும் குளிச்சிட்டுத்தான் இருக்காவளாம். அஞ்சு மணிக்கு வண்டி கெளம்புது.”

மணி நாலரை.

போன், பை, செருப்பு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்தாள். அவர் ஒரு துண்டை எடுத்து நீட்டினார். பிறகு, எவ்வளவு அடக்கியும் முடியாமல், “எண்ண வேணுமா டீச்சர்?” என்றார்.

“வெலாசம் தெரியும். வந்து வாங்கிக்கிடுதேன்.”

வரிசை நகர்ந்தது. படிகள் வழுக்கின. பேரருவியின் பெண்கள் பக்கத்தில் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். எல்லோரும் தலையைக் குனிந்திருந்தார்கள். எல்லோர் சேலையும் ஒரே நிறமாக நனைந்திருந்தது. முதுகை வைத்து ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஷமீம் ஓரத்திலிருந்து “பார்வதியக்கா” என்று கத்தினாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

ஒரு முதுகில் ஜாக்கெட்டின் தோள் பக்கம் ஊக்கு பளிச்சிட்டது. பெரிய ஊக்கு.

அவள் தண்ணீருக்குள் போனாள்.

பார்வதியம்மாள் திரும்பினார். பர்தாவும் பட்டுமாக டீச்சரம்மா வந்து நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் அப்படியே மலர்ந்தது. ஷமீம் அவர் காதருகில் போய், “மெயின அணைச்சியளா?” என்று கத்தினாள். பார்வதியம்மாள் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, கேட்கவில்லை என்றா, தெரியவில்லை. ஷமீம் கையைத் தூக்கி, சுவிட்சைக் கீழே இறக்குவது போலக் கட்டைவிரலால் காட்டினாள். பார்வதியம்மாளுக்கு அது புரிந்துவிட்டது. தன்னைக் குனியவைக்கச் சொல்கிறாள், தண்ணீர் நடு மண்டையில் விழுகிறதாம். அவர் ஷமீமின் கழுத்தைப் பிடித்துக் குனியவைத்து, கம்பிப் பக்கம் இழுத்து, நல்ல இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டார்.

தண்ணீர் முதுகில் விழுந்தது. கடப்பாரையால் அடிப்பது போல் இருந்தது முதலில். மூச்சு நின்றது. பிறகு அது வந்தது. தோளில் இரண்டு நாளாக இருந்த வலி எங்கே போனதென்று தெரியவில்லை. நம்பர் போனது, புள்ளி போனது, ஆய்வாளர் போனார், மெயின் சுவிட்சும் போய்விட்டது. பக்கத்தில் யாரோ ஒரு பெண் முன்பின் தெரியாதவளின் கையைப் பிடித்துக்கொண்டு கூவினாள். ஷமீமும் கூவினாள். வாய்க்குள் தண்ணீர் போனது. மறுபடியும் கூவினாள்.

போலீஸம்மாவின் விசில்தான் அவளை வெளியே இழுத்தது.

படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். இரண்டு பேருக்கும் மூக்கு நுனி சிவந்திருந்தது.

“யக்கா, இப்ப சொல்லுங்க. பூட்டும்போது மெயின அணைச்சியளா?”

“இது என்ன கேள்வி? ஆறு வருசமா அணைக்காம பூட்டியிருக்கேனா?”

ஷமீம் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இன்னைக்குத்தான் அணைக்கல” என்றார் பார்வதியம்மாள், முடியைப் பிழிந்துகொண்டே. “கையக் கொண்டு போயிட்டேன் டீச்சரம்மா. அப்பப் பாத்து அந்த மஞ்ச லைட்டு அஞ்சும் மினுக்கு மினுக்குன்னு முழிச்சிட்டு இருக்கு. காலைல இருந்து எண்ணக் கட தேடி அலஞ்ச பெட்டியோ, இப்பத்தான் வேல பாக்க உக்காந்திருக்கு. அத நடுவுல எழுப்புனா நல்லாவா இருக்கும்? நீங்க வேற எதையும் தொடாதன்னு சொல்லிட்டுப் போயிருக்கிய. நம்ம வேலைக்கி பூட்டுனா போதும், அது வேலைய அது பாக்கட்டும்னு விட்டுட்டேன். ஒங்க எழுத்து கதவுல இருந்து என்னயவே பாத்துச்சு. பாக்காத மாதிரி வந்துட்டேன். தப்பா?”

ஷமீம் ஈரக் கையோடு அவரைக் கட்டிக்கொண்டாள். ஊக்கு குத்தியது. விடவில்லை.

“அஞ்சு பூட்டு எங்கன கெடச்சுது ஒங்களுக்கு?”

“ஷட்டருக்கு ரெண்டு. நடுக்கதவுக்கு ஒண்ணு. பீரோவுக்கு ஒண்ணு. அஞ்சாவதுக்குத்தான் முழிச்சேன். அண்ணாச்சி கரெக்டா அஞ்சுன்னு சொல்லுதாவ, அவுக படிச்சவுக, காரணம் இல்லாமலா சொல்லுவாவ?”

படிச்ச அண்ணாச்சி கடை வாசலில் செருப்பையும் பையையும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் எதுவும் கேட்குமுன் பார்வதியம்மாளே சொன்னார்: “ஏன் அண்ணாச்சி, பூட்டச் சொன்னா பூட்டுவோம். வேற எதும்னா தமிழ்ல சொல்லப்பிடாதா?” கோமதிசங்கர் பக்கத்துக் கடையில் இரண்டு பேருக்கும் சுக்குக் காப்பி சொன்னார்.

பாவூர்சத்திரம் வேன் பார்வதியம்மாள் இல்லாமல் கிளம்பியது. சாவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போகலாம்தான். ‘நான் பூட்டினதை நான்தான் தெறப்பேன்’ என்று ஸ்கூட்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். சாரலில் இரண்டு பேரும் நடுங்கிக்கொண்டே தென்காசி வந்தார்கள்.

நீலப் பூட்டு. ஷட்டரின் இடது பூட்டு, வலது பூட்டு. நடுக்கதவுப் பூட்டு. திறக்கத் திறக்க பார்வதியம்மாள் எண்ணிக்கொண்டே வந்தார். “பீரோ பொறவு” என்றார்.

அறை இருட்டாக இருந்தது. இருட்டு நல்லது, வெளிச்சம் தெரியும். ஐந்து திரையும் எரிந்துகொண்டிருந்தன. எழுத்து ஓடவில்லை. எல்லாம் முடித்து, தங்களைத் தாங்களே ஒருமுறை அணைத்து எழுப்பிக்கொண்டு, ஐந்தும் ஒரே கேள்வியைத் தமிழில் கேட்டுக்கொண்டு நின்றன.

“என்ன கேக்குது?”

“பேரு கேக்குதுக்கா.”

“வந்தவுகள பேரு கேக்கதுதான மொற. சொல்லுங்க.”

சேலையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. ஷமீம் ஒவ்வொரு பெட்டியாகப் பேர் சொல்லி உள்ளே போனாள். ஐந்தாவதில் தமிழ் விசைப்பலகை சரியாக வருகிறதா என்று பார்க்க ஏதாவது அடிக்க வேண்டியிருந்தது. ‘எண்ணெய் நூற்றைம்பது’ என்று அடித்தாள். ஒற்றெழுத்து உட்பட ஒழுங்காக வந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆய்வாளர் பாண்டிராஜ் வந்தார். சிரிக்காத மனிதர். ஐந்து பெட்டியிலும் தனித்தனியாக உட்கார்ந்து ஒரு பத்தி அடித்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். முதல் பெட்டியின் முன்னால் குனிந்தார். பின்னால் போய்க் குனிந்தார். இரண்டாவது பெட்டி. மூன்றாவது பெட்டி. ஷமீமுக்குக் கைகால் குளிர்ந்தது, நேற்று அருவியில்கூட அப்படிக் குளிரவில்லை.

பேனாவின் பின்பக்கத்தால் எம்சீலைத் தட்டினார். கல் மாதிரி சத்தம் கேட்டது.

“ஐந்திலும் இப்படித்தானா?”

“ஆமா சார்.”

“உள்ளே எதைக் கொண்டு வருவதானாலும்?”

“இந்த லேப்டாப்பில் இருந்து வயர் வழியாத்தான் சார் போகும். வேற வழி இல்ல.”

அவர் பென்டிரைவைத் திரும்பப் பையில் போட்டார். படிவத்தைப் புரட்டினார். “விதி ஒன்பது. தேர்வுக் கணினிகளில் வெளிச் சாதனங்கள் செருகும் துளைகள் மூடப்பட்டிருக்க வேண்டும். இதுவரை முப்பத்தோரு மையம் பார்த்துவிட்டேன். எல்லோரும் மேலே ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு மூடிவிட்டோம் என்பார்கள். உரித்தால் வந்துவிடும்.” கட்டைவிரல் ரேகையை ஒருமுறை உற்றுப் பார்த்தார். “இது யார் செய்தது?”

“எனக்குத் தெரியாது சார். வாங்கும்போதே அப்படித்தான் இருந்துது. பயந்த மனுசன் யாரோ.”

“பயந்தவன் ஒழுங்காகச் செய்வான்” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை, பன்னிரண்டு பேரும் இங்கேயே எழுதலாம். படியிறங்கும்போது மாடிப்படிக் கதவில் தொங்கிய நீலப் பூட்டைத் தொட்டுப் பார்த்து, பாதுகாப்பு திருப்தி என்று அதையும் குறித்துக்கொண்டார்.

போன வருஷம் எழுதாமல் போன மிஸ்ரியாவுக்கும் சத்யபிரியாவுக்கும் ஷமீம் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அருவி இரைந்தது. அதற்கு மேல் கோமதிசங்கர் கத்தினார்.

“என்ன டீச்சர், பூட்…” அவர் நிறுத்திக்கொண்டார். தொண்டையைச் செருமினார். “என்ன டீச்சர், என்ன ஆச்சு?”

பார்வதியம்மாள் அவள் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

“தெறந்தாச்சு அண்ணாச்சி” என்றார். “அஞ்சும்.”